எய்ட்ஸ்: ஊசிமுனையில் நடந்த வரலாறு

1986ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள். கோலாலம்பூர் பூடு சிறைச்சாலையில் கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1983 நவம்பரில் பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்டவர்கள் அவர்கள். மலேசியாவின் கடுமையான போதைப் பொருள் சட்டத்தின் கீழ் மேற்கத்தியர் தூக்கு மேடை ஏறியது அதுவே முதல் முறை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டன.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு செய்தி வந்தது. மலேசியாவில் முதன் முதலாக எச்.ஐ.வி. கிருமித் தொற்று கண்டறியப்பட்டது. அந்த ஆண்டின் மொத்தக் கணக்கு மூன்றே பேர். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் நோய், வெள்ளைக்காரனின் நோய் என்றே அப்போது பலரும் நினைத்தார்கள்.

இந்த இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு உண்டா? அன்று கேட்டிருந்தால் எவரும் சிரித்திருப்பார்கள். இன்று திரும்பிப் பார்க்கும்போதோ, இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. மலேசியாவில் எய்ட்ஸ் பரவிய கதையில் முதல் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஊசியின் கதைதான். அந்த ஊசியை நாடு எப்படிப் பார்த்தது என்பதைப் பொறுத்தே நோய் ஏறியது, பிறகு இறங்கியது.

அபின் விற்ற துறைமுகம்

பினாங்குக்குப் போதைப் பொருள் புதிதல்ல. 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றிய சில ஆண்டுகளிலேயே, அபின் விற்கும் உரிமையை ஏலம் விட்டு ஆட்சிச் செலவுக்குப் பணம் திரட்டும் முறை வந்துவிட்டது. வங்காளத்தில் விளைந்த அபின் கல்கத்தாவில் ஏலம் போய், கப்பலேறி ஜோர்ஜ் டவுனுக்கு வந்தது. உரிமை எடுத்த பெரும் வணிகர்கள் அதைப் பக்குவப்படுத்திக் கூலித் தொழிலாளர்களுக்கு விற்றார்கள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த சீனத் தொழிலாளிக்கு அபின் கடை, தோட்டப்புறத்தில் பால் மரம் வெட்டிய தமிழனுக்குக் கள்ளுக்கடை. உழைத்த காசு மாலையில் முதலாளிக்கும் ஆட்சிக்குமே திரும்பிப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி, அபின் வழியாகவே வந்தது. 1910இல் ஆங்கில அரசாங்கம் தனியார் உரிமையை ஒழித்து அந்த விற்பனையைத் தானே எடுத்து நடத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அபின் முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

நேற்று வரை அரசாங்கமே விற்ற சரக்கு, மறுநாள் குற்றமானது. விற்றவர்கள் கணக்கை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். பழகியவன் மட்டும் குற்றவாளியாகத் தெருவில் நின்றான். பின்னாளில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும். அடிமைப் பழக்கத்தைச் சிலர் வருமானமாகப் பார்த்தார்கள், சிலர் குற்றமாகப் பார்த்தார்கள். நோயாக யாரும் பார்க்கவில்லை.

ஊசி எப்படி வந்தது?

1970களில் ஹெராயின் வந்தது. தாய்லாந்து, பர்மா, லாவோஸ் எல்லைகள் சந்திக்கும் 'தங்க முக்கோணம்' பினாங்கிலிருந்து தூரமில்லை. 1976இல் போதைப் பொருள் தடுப்புச் சங்கமான 'பெமாடாம்' தொடங்கப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் பினாங்கிலேயே 1979இல் போதைப் பொருள் ஆராய்ச்சி மையம் ஒன்றும் உருவானது.

1983இல் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர், போதைப் பொருளை நாட்டின் முதல் எதிரியாக அறிவித்தார். கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை வந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், பழக்கத்துக்கு அடிமையானவர்களை இரண்டு ஆண்டுகள் வரை மறுவாழ்வு மையங்களில் அடைத்து வைக்க வழி செய்தது. 'புசாட் செரெந்தி' என்ற பெயரில் நாடெங்கும் அந்த மையங்கள் எழுந்தன. ராணுவப் பயிற்சி போன்ற கட்டுப்பாடு, மருந்தில்லாமல் பழக்கத்தை நிறுத்துதல் ஆகியவையே அங்கு நடைமுறை. நோக்கம் நல்லதுதான். ஆனால் வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

இதில் ஊசி எங்கே வந்தது? தொடக்கத்தில் பலர் ஹெராயினைச் சூடாக்கிப் புகையாக உறிஞ்சினார்கள். கெடுபிடி அதிகமாக ஆக, சரக்கு கிடைப்பது அரிதானது, விலை ஏறியது, தரம் குறைந்தது. புகைத்தால் பாதி காற்றோடு போய்விடும். ஊசியில் ஏற்றினால் சிறிதளவே போதும். கையில் காசு குறைந்தவன் ஊசிக்கு மாறினான்.

ஊசிக்கு மாறியவனுக்கு அடுத்த சிக்கல் காத்திருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் சிரிஞ்சு வைத்திருந்தாலே சட்டப்படி குற்றம். போலீஸ் சோதனையில் சட்டைப் பையிலிருந்து ஒரு சிரிஞ்சு விழுந்தால் போதும், அவன் போதைப் பித்தன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆகவே எவனும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. பாழடைந்த வீட்டின் சுவர் இடுக்கிலோ பாலத்தின் அடியிலோ ஒளித்து வைத்த ஒரே சிரிஞ்சை ஐந்து பேர், பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

எச்.ஐ.வி. கிருமிக்கு இதைவிட வசதியான வாகனம் கிடையாது. ஊசி போட்ட பிறகு சிரிஞ்சுக்குள் தங்கும் துளி ரத்தத்தில் அந்தக் கிருமி நாள்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. அடுத்தவன் ஊசியைக் குத்திக்கொள்ளும்போது அது நேராக அவன் ரத்தத்தில் கலக்கிறது. உடலில் நுழைந்த கிருமி உடனே ஆளைப் படுக்க வைப்பதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களைச் சிறிது சிறிதாக அழித்துக்கொண்டு எட்டு, பத்து ஆண்டுகள் வரை ஓசையின்றி உள்ளே இருக்கும். அத்தனை காலமும் அவன் நடமாடுவான், வேலைக்குப் போவான், கல்யாணமும் செய்துகொள்வான்.

பக்கத்து ஊரில் அடித்த மணி

எச்சரிக்கை வராமல் இல்லை. 1988இல் பேங்காக் நகரில் ஊசி போடுபவர்களிடையே எச்.ஐ.வி. காட்டுத்தீ போலப் பரவியது. நூற்றுக்கு ஒருவரிடம் இருந்த தொற்று, ஏறக்குறைய ஓராண்டுக்குள் நூற்றுக்கு முப்பது பேரைத் தாண்டியது. ஹட்யாய்க்குப் பேருந்திலும் ரயிலிலும் போய்வரும் பினாங்கு மக்களுக்குத் தாய்லாந்து என்பது அடுத்த தெரு மாதிரி. மணி அங்கே அடித்தது, இங்கே யாரும் எழுந்திருக்கவில்லை.

எண்கள் பேசட்டும். 1986இல் 3 பேர். 1990இல் 778 பேர். 1995இல் 4,198 பேர். 2002இல் 6,978 பேர். அந்த ஓராண்டில் மட்டும் நாளொன்றுக்குச் சராசரியாக 19 மலேசியர்களுக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில், ஊசி வழியாகத் தொற்றியவர்கள். மறுவாழ்வு மையங்களிலும் சிறைகளிலும் பரிசோதனை கட்டாயமாக இருந்ததால் அங்கே அதிகம் தெரியவந்தது என்பது உண்மைதான். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் ஊசியின் பங்கு மிகப் பெரியது.

தமிழ்நாட்டின் கதை இதிலிருந்து வேறுபட்டது. அங்கும் தொடக்கம் அதே 1986தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலுக்காகப் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைத் திரட்டினார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. 'நம் பண்பாட்டில் இந்த நோய் வராது' என்று நம்பியிருந்த நாட்டை அந்த இரண்டு பெண்கள் உலுக்கினார்கள்.

அங்கே பெரும்பாலும் பாலுறவு வழியாக நோய் பரவியது. ஆகவே அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய கட்டாயம் வந்தது. 1994இல் மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைந்தது. 2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் பேருந்து நிறுத்தம் வரை வந்து நின்றது. பட்டிமன்றத்திலும் டீக்கடையிலும் ஜனங்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சேர்ந்து செய்தியும் போய்ச் சேர்ந்தது.

மலேசியாவிலோ நோய் 'போதைப் பித்தர்களின் நோய்' என்று முத்திரை குத்தப்பட்டது. போதைப் பித்தனைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அவன் செய்த வினைக்கு அவன் அனுபவிக்கிறான் என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது.

வீட்டுக்குள் வந்த கிருமி

ஆனால் ஊசி போட்டவனுக்கும் வீடு உண்டு. அம்மா உண்டு, மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. 1990இல் தொற்றுக்கு ஆளானவர்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. 2000களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பெண். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் பெண். தாலி கட்டியவனைத் தவிர வேறு ஆடவனை அறியாத பல பெண்கள் இதில் அடக்கம். அவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, எந்த ஊசியையும் தொடவில்லை.

தமிழ்க் குடும்பங்களில் இதன் சுமை இரட்டிப்பானது. 'ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?' என்பார்கள். அந்த ஊர் வாய்க்குப் பயந்து நோயின் பெயரே வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. காசநோய் என்றார்கள், நிமோனியா என்றார்கள். எய்ட்ஸ் முற்றிய நிலையில் இந்த நோய்கள் வரவே செய்யும் என்பதால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட பாதி உண்மைதான் உயிரை வாங்கியது. கணவனின் நோய் என்னவென்று தெரியாத மனைவி பரிசோதனைக்குப் போகவில்லை. பரிசோதனைக்குப் போகாதவளின் வயிற்றில் பிள்ளை வளர்ந்தது.

இந்த இடத்தில் அரசாங்கம் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். 1998 முதல் அரசாங்கச் சுகாதார நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தொற்று உள்ள தாய்க்கு மருந்து கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் தாதி யாரையும் 'நீ நல்லவளா, கெட்டவளா' என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் ஒரே பரிசோதனை. அதன் பலன் 2018இல் தெரிந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண் நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு மலேசியாதான்.

மருந்து விலை இறங்கிய கதை

1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் வந்த பிறகு எய்ட்ஸ் மரண ஓலை என்ற நிலை மாறியது. சர்க்கரை நோய் போல, மருந்து சாப்பிட்டபடியே நீண்ட காலம் வாழக்கூடிய நோயானது. ஆனால் அந்த மருந்தின் விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. காப்புரிமை வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் சொன்னதே விலை.

உலக வாணிப விதிகளிலேயே இதற்கு ஒரு கதவு இருந்தது. மக்களின் உடல்நலத்துக்காக ஓர் அரசாங்கம் காப்புரிமையை மீறி மலிவான மருந்தை வரவழைத்துக்கொள்ளலாம் என்று 2001இல் டோஹாவில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்த உரிமைக்காக உலக மேடைகளில் விடாமல் குரல் கொடுத்த அமைப்புகளில் ஒன்று பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட 'தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க்'. அதை நீண்ட காலம் வழிநடத்திய மார்ட்டின் கோர் 2020இல் காலமானார்.

அந்தக் கதவைத் திறந்து நுழைந்த முதல் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. 2003இல் அரசாங்கப் பயன்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டு, இந்தியாவின் சிப்லா நிறுவனத்திலிருந்து எச்.ஐ.வி. மருந்துகள் வரவழைக்கப்பட்டன. ஒரு நோயாளிக்கு மாதந்தோறும் ஆகும் செலவு பல மடங்கு இறங்கியது. 2006 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் முதல் நிலை மருந்துகள் இலவசமாகின. இதே ஆயுதத்தை 2017இல் ஹெப்பாடிடிஸ் சி நோய்க்கான மருந்துக்கும் மலேசியா எடுத்தது. அதுவும் ஊசி வழியாகப் பரவும் நோய்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

2006: பினாங்கில் ஒரு சோதனை

மருந்து வந்துவிட்டது. ஆனால் வாசலில் வெள்ளம் புகுந்துகொண்டிருக்கும்போது வீட்டுக்குள் வாளியால் இறைத்து என்ன பயன்? ஊசியை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

1992இல் தொடங்கப்பட்ட மலேசிய எய்ட்ஸ் மன்றம் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அதன் தலைவராக இருந்தவர் மரினா மகாதீர். போதைப் பொருளை முதல் எதிரி என்று அறிவித்த பிரதமரின் மகளே, போதைப் பித்தனை எதிரியாக நினைக்காதீர்கள் என்று மேடைதோறும் பேச வேண்டி வந்தது. வரலாறு சில நேரம் ஒரே குடும்பத்துக்குள் தன் விவாதத்தை நடத்திக்கொள்கிறது போலும்.

2005 வாக்கில் அரசாங்கத்துக்கே ஓர் உண்மை உறைத்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆயிரமாண்டு மேம்பாட்டு இலக்குகளில் வறுமை, கல்வி போன்றவற்றில் மலேசியா நன்றாக முன்னேறியிருந்தது. எச்.ஐ.வி.யில் மட்டும் பின்தங்கியிருந்தது. அப்போது பிரதமராக இருந்தவர் பாயான் லெப்பாஸில் பிறந்து, கெப்பாலா பத்தாஸ் தொகுதியைப் பிரதிநிதித்த அப்துல்லா அகமட் படாவி. சுகாதார அமைச்சர் டாக்டர் சுவா சோய் லெக். அவர்கள் காலத்தில் அமைச்சரவை இரண்டு முடிவுகளை எடுத்தது. ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் மருந்து கொடுப்பது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுப்பது.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது. 'ஊசி கொடுப்பது போதைக்கு அழைப்பு விடுப்பது ஆகாதா?' என்று பெற்றோர் கேட்டார்கள். சமயவாதிகளும் கேட்டார்கள். பிடிக்கச் சொல்லும் சட்டம் ஒரு கையில், விடச் சொல்லும் கொள்கை மறு கையில் என்றால் நாங்கள் என்ன செய்வது என்பது போலீஸ் தரப்பின் கவலை. எல்லாமே நியாயமான கேள்விகள்.

மெத்தடோன் 2005 அக்டோபரில் தொடங்கியது. ஊசி மாற்றுத் திட்டம் 2006 பிப்ரவரியில் சோதனை முயற்சியாகக் கோலாலம்பூர், ஜொகூர் பாரு, பினாங்கு ஆகிய மூன்று இடங்களில் தொடங்கியது. பினாங்கில் அதை ஏற்று நடத்தியது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எய்ட்ஸ் செயல் ஆய்வுக் குழு. ஒரு காலத்தில் ஆட்சியே அபின் விற்ற ஊரில், இப்போது அரசாங்க அனுமதியோடு புது ஊசி கொடுக்கப்பட்டது. அன்று வருமானத்துக்காக, இன்று உயிருக்காக. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அது மலையளவு வேறுபாடு.

வேலை நடந்த விதம் எளிமையானது. களப் பணியாளர்கள் ஊசி போடுபவர்கள் கூடும் இடங்களைத் தேடிப் போனார்கள். அவர்களில் சிலர் ஒரு காலத்தில் அதே பழக்கத்தில் இருந்து மீண்டவர்கள். எந்தச் சந்தில் யார் இருப்பார், எப்படிப் பேசினால் ஓடமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய ஊசியை வாங்கிப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவார்கள். புது ஊசி, துடைக்கும் பஞ்சு, ஆணுறை, பரிசோதனை பற்றிய தகவல் ஆகியவற்றைக் கொடுப்பார்கள். புண் இருந்தால் மருந்து போடுவார்கள், வரத் தயாரானவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். அந்த இடங்களில் கைது நடவடிக்கையில் நிதானம் காட்டப் போலீசாருக்கு வழிகாட்டுதலும் தரப்பட்டது.

மெத்தடோன் என்பது என்ன? தினமும் ஒரு முறை, பணியாளரின் கண் முன்னே குடிக்கும் மருந்து. ஒருநாள் முழுவதும் உடலில் தங்கி, ஹெராயின் கிடைக்காதபோது வரும் வலியையும் நடுக்கத்தையும் அடக்கிவிடும். ஹெராயின் தரும் கிறக்கத்தைத் தராது. காலையில் மருந்தைக் குடித்துவிட்டு அவன் வேலைக்குப் போகலாம். திருட வேண்டிய தேவை குறைகிறது. ஊசியே தேவைப்படுவதில்லை. 2008இல் கிளந்தானில் பெங்காலான் செப்பா சிறைச்சாலைக்குள்ளும் இந்தச் சிகிச்சை நுழைந்தது.

பலன் என்ன? 2002இன் உச்சத்துக்குப் பிறகு எண்ணிக்கை மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. 2006க்குப் பிறகு இறக்கம் வேகம் பிடித்தது. 2006இல் 5,830 பேர், 2009இல் 3,080 பேர். முழுப் பெருமையும் ஊசித் திட்டத்துக்கே என்று சொல்ல முடியாது. பரிசோதனையும் மருந்தும் விழிப்புணர்வும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் ஊசி வழித் தொற்றின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியதை யாரும் மறுக்க முடியாது. ஒரு காலத்தில் நான்கில் மூன்றாக இருந்த அந்தப் பங்கு, 2020களில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விட்டது. சிறைக்கம்பியால் நிறுத்த முடியாததை ஒரு புது ஊசியும் ஒரு கோப்பை மருந்தும் பெருமளவு நிறுத்திக் காட்டின.

பாதை மாறிய நோய்

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆறு ஒரு வாய்க்காலை அடைத்தால் இன்னொரு வாய்க்காலைத் தேடும். 2011 வாக்கில் பாலுறவு வழித் தொற்று ஊசி வழித் தொற்றை முந்தியது. 2020களில் புதிதாகத் தொற்றுக்கு ஆளானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் அந்த வழியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் இளம் ஆண்கள் மிகுதி, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் மிகுதி. ஆண்டுக்குச் சுமார் 3,000 பேர் என்ற அளவிலேயே எண்ணிக்கை நின்றுவிட்டது. இறங்கி வந்த படிக்கட்டு பாதியில் நிற்பது போல.

ஏன் நின்றது? விடை பழைய கதையிலேயே இருக்கிறது. ஊசிக்காரனிடம் அன்று இருந்த அதே பயம் இன்று இந்த இளைஞர்களிடம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயம், சமயத்துக்குப் பயம், வீட்டுக்குப் பயம். பயந்தவன் கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தன் நிலை தெரியாதவன் மற்றவருக்குத் தொற்றாமல் காக்கவும் முடியாது.

இத்தனைக்கும் மருத்துவம் இன்று வெகுதூரம் வந்துவிட்டது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஒருவருக்குத் தொற்று இருந்து, இணைக்கு இல்லாத 1,763 தம்பதிகள் ஒன்பது நாடுகளிலிருந்து அதில் பங்கெடுத்தார்கள். ஆய்வு நடந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம் அதில் பங்காற்றியது. தொற்று உள்ளவர் முன்கூட்டியே மருந்தைத் தொடங்கினால் இணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அதன் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியே தென்படாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து பாலுறவு வழியாக நோய் பரவுவதில்லை என்பது இன்று உறுதியாகிவிட்டது.

தொற்று இல்லாதவர் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரையும் வந்துவிட்டது. மலேசியாவில் 2023இல் சில அரசாங்கச் சுகாதார நிலையங்களில் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆக, மருந்து இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, தடுப்பும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். பரிசோதனை அறையின் கதவைத் தட்டும் தைரியம்.

வரலாறு கேட்கும் கேள்வி

தைரியம் தனியாக வருவதில்லை. அதைச் சுற்றியிருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும். மகனுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைக்கும் வீட்டில் யாருக்குத் தைரியம் வரும்? ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே குவளையில் குடித்தால், தொட்டால், கட்டிப்பிடித்தால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. பரவாது. நாற்பது ஆண்டுகளாக மருத்துவர்கள் சொல்லி வரும் செய்தி இது. இன்னும் பல வீடுகளின் சமையலறை வரை அது போய்ச் சேரவில்லை.

கர்ப்பிணிகளிடம் கிடைத்த வெற்றிக்கும் இளைஞர்களிடம் இன்னும் கிடைக்காத வெற்றிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். மருந்து ஒன்றுதான், மருத்துவமனையும் ஒன்றுதான். கர்ப்பிணியை யாரும் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, அவ்வளவே. ஊசிக்காரனையும் அப்படிப் பார்ப்பதைச் சற்றே நிறுத்திய நாளிலிருந்துதான் அவன் வழியாகப் பரவுவதும் நின்றது.

போதையை ஆதரிக்க வேண்டும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. ஒழுக்கம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தண்டனை ஒரு காரியம், சிகிச்சை வேறொரு காரியம், ஒன்றை வைத்து இன்னொன்றைச் செய்ய முடியாது என்றுதான் சொல்கிறது. அதைக் கற்றுக்கொள்ள மலேசியாவுக்கு 1986இலிருந்து 2006 வரை இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த இருபது ஆண்டுகளில் போனவர்களை இனித் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்த பாடத்துக்கும் இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அரசாங்கச் சுகாதார நிலையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். வீட்டில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரும்போது, முதலில் கோபப்படாமல் கேட்டுவிட்டு, பிறகு அவனோடு அந்தக் கிளினிக் வரை நடந்து போகும் ஓர் அப்பாவோ அம்மாவோ அண்ணனோ போதும். கிருமிக்கு அங்கே வழி அடைபடும்.